மூணு ரன் பாக்கி

பாளையங்கோட்டைத் தாத்தா வீட்டு ரேடியோ, திருகின உடனே பேசிவிடாது. உள்ளே வால்வு சூடேறி, முகப்பில் அந்தப் பச்சை வெளிச்சம் மெல்லப் பரவுகிற வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அதன் மேல் போட்டிருக்கும் பூவேலைத் துணியை ஆச்சி மடித்து வைப்பாள். ஏரியல் வலையில் உட்கார்ந்திருக்கும் காக்கையை விரட்ட நான் முற்றத்துக்கு ஓடுவேன். தாத்தாவோ தினசரி காலண்டரில் கிழித்துக் கம்பியில் குத்தி வைத்த தாள்களில் நாலைந்தை உருவி, பின்பக்கம் கோடு போட்டு, ஒரு முனை நீலமும் மறுமுனை சிவப்புமான பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். ரன்னுக்கு நீலம், விக்கெட்டுக்குச் சிவப்பு.

1975 பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீசோடு டெஸ்ட் தொடங்கியது. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு வாசனை, அடுக்களையில் மஞ்சளும் உப்பும் போட்டு வேகிற பனங்கிழங்கின் வாசனை, நடுவே கரகரவென்று இங்கிலீஷ் வர்ணனை. தாத்தா கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்ல, ஆச்சி கிழங்கில் நார் உரித்தபடி, “அந்தக் குள்ளப் பிள்ளை நிக்கானா?” என்பாள். குண்டப்பா விசுவநாத்தைத்தான். ஆண்டி ராபர்ட்ஸ் ஒவ்வொருவராய் அனுப்பிக்கொண்டிருந்தார். தாளில் சிவப்பு கூடிக்கொண்டே போனது. கடைசியில் சந்திரசேகரும் அவுட். மொத்தம் 190, ராபர்ட்சுக்கு 7 விக்கெட், விசுவநாத் ஆட்டமிழக்காமல் 97.

“மூணு ரன்னு கடன் குடுக்க ஒருத்தனும் இல்லாமப் போயிட்டானே” என்று ஆச்சி கிழங்கைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. தென்னை மட்டையைத் தூக்கிக்கொண்டு தூணுக்கும் நடைவாசலுக்கும் மூன்று ஓட்டம் ஓடி முடித்துத் தாத்தா முன்னால் மூச்சு வாங்க நின்றேன். பென்சில் நீலப் பக்கம் திரும்பியது, கொஞ்ச நேரம் யோசித்தது. “கணக்குல சேராதுல” என்றார். ஆனாலும் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்த டெஸ்டை நூறு ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். பிரசன்னா சுழற்றிய சுழற்று அப்படி.

தாத்தாவுக்குச் சேப்பாக்கம் கண்ணால் பார்த்த இடம். 1952இல் மதராசில் வேலையாக இருந்தபோது, இங்கிலாந்தை நாம் முதன்முதலாக டெஸ்டில் வென்ற ஆட்டத்தைப் பார்த்தவர். ஆட்டம் தொடங்கிய அன்றுதான் லண்டனில் ராஜா இறந்தார், மறுநாள் ஓய்வு விட்டார்கள் என்பதில் ஆரம்பிப்பார். வினு மன்கட் 55 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்த கதைக்கு வரும்போது அடுக்களையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் கேட்பார். மன்கட் இடக்கை, தாத்தா வலக்கை. இடது விரல்களுக்குள் பழம் நிற்காமல் உருண்டு ஓடும். கட்டிலுக்கு அடியில் நுழைந்து எடுத்து வருவது என் வேலை. அப்பாவுக்கு வெங்கட்ராகவன்தான் எல்லாம். குளிக்கப் போகும்போதுகூடத் தோளில் துண்டோடு, கிணற்றடிக்கு நாலு எட்டு வைத்துக் கையைச் சுழற்றிவிட்டுத்தான் வாளியைத் தொடுவார்.

பிறகு வானொலியில் தமிழ் வர்ணனை கேட்கத் தொடங்கியபோது ஆச்சிக்கு வந்த கம்பீரத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரல் வந்தால் “நம்ம பக்கத்துப் பிள்ளை” என்று ஒலியைக் கூட்டச் சொல்வாள். மொழிபெயர்க்க வேலையில்லாத தாத்தா, வர்ணனைக்கு முந்திக்கொண்டு ஸ்கோர் சொல்லிப் பார்ப்பார். “கொஞ்சம் சும்மா இருங்களேன், அவன் சொல்லட்டும்” என்பாள். மைதானத்தையே பார்த்திராத ஆச்சி, ஸ்லிப்பில் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்று அடித்துச் சொன்னாள். எங்கள் வீட்டில் ஆட்டத்தை ஆகக் கூர்மையாகக் கவனித்தவள் அவள்தான் என்பேன்.

2024இல் அதே சேப்பாக்கத்தில் பங்களாதேசுக்கு எதிராக அஸ்வின் 113 ரன் அடித்து, இரண்டாம் இன்னிங்சில் 6 விக்கெட்டும் எடுத்தபோது, ஆட்டம் முடிந்த கையோடு என் மகள் தன் தாத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, போன் போட்டாள். வெங்கட்டா அஸ்வினா என்று ஆரம்பித்த வழக்கு. அப்பா பழைய ஆடுகளங்களைச் சாட்சிக்கு இழுக்க, இவள் பேட்டிங் கணக்கைக் கொண்டுவர, சாப்பாடு ஆறிப்போனது. இன்னும் தீர்ப்பாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் விசாரணை நடக்கிறது.