கழிவெண்ணெயும் ஓர் அமானிதம்

ஊர்தி வைத்திருப்போர் பெருகிவிட்ட காலம் இது. ஊர்தியின் உள்ளறிவோர் அருகிவிட்ட காலமும் இதுவே. பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலொன்று, உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைச் சுட்டுகிறது. மேடும் பள்ளமும் நிறைந்த நெடுவழியில் வண்டிக்கு என்ன நேரும் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள். அப்பாடலை வகுப்பில் நடத்தும் போதெல்லாம் நமக்கு நம் தந்தையாரின் நினைவு எழும். அவரும் வண்டியின் அடிப்புறத்தை அறிந்தவர். முப்பதாண்டுக் காலம் அங்கேயே மல்லாந்து கிடந்து உழைத்தவர்.

டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911ஆம் ஆண்டில் மோட்டார்த் தொழிலுக்கு வித்திட்ட நகரம் மதுரை. அம்மாபெரும் மரத்தின் நிழலில் முளைத்த எண்ணற்ற சிறு செடிகளுள் ஒன்றே, கோரிப்பாளையத்தை அடுத்து வைகையின் வடகரைப் பக்கம் இருந்த அத்தாவின் பட்டறை. எஞ்சின் ஆயில் மாற்றுவதற்கு அவர் வண்டிக்கு அடியில் நுழைந்து, படுத்த வாக்கில் மரையாணியைக் கழற்றுவார். சூடான கருநிற எண்ணெய் சில வேளைகளில் கை வழியே வழிந்து முழங்கை வரை இறங்கும். அந்தத் தழும்புகள் இறுதிவரை மறையவில்லை. “நீ புத்தகத்துக்கு முன்னால உக்காரணும் தம்பி, வண்டிக்கு அடியில படுக்கக் கூடாது” என்பது அவர் நமக்கிட்ட கட்டளை. அக்கட்டளையின் விளைவே இன்றைய நம் தமிழாசிரியப் பணி.

சென்ற ஆண்டு, நம் சிறு காருக்கு நாமே வீட்டில் ஆயில் மாற்றிப் பார்க்கலாம் என்னும் ஆவல் எழுந்தது. வண்டிக்கு அடியில் படுக்காமலேயே அப்பணியை முடிக்க ஒரு கருவி உண்டு எனக் கேள்வியுற்று வாங்கினோம். வெற்றிட முறையில் இயங்கும் ஆயில் உறிஞ்சி அது. மூடிய கலம் ஒன்று, அதன் தலையில் ஒரு கைப்பம்பு, நீண்ட மெல்லிய குழாய் ஒன்று, அவ்வளவே. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்துவிட வேண்டும். வெதுவெதுப்பான எண்ணெய் இளகி எளிதில் ஏறும். கொதிக்கும் எண்ணெயோ தீங்கு தரும். பின்னர் ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்துவிட்டு, அளவுக்கம்பியை உருவி, அத்துளை வழியே குழாயை அடித்தொட்டி வரை இறக்க வேண்டும். பம்பை இழுத்து அடித்தால் கலத்தினுள் இருக்கும் காற்று வெளியேறும். எண்ணெய் தானே மேலேறி வரும்.

பெயர்தான் உறிஞ்சி. உண்மையில் கருவி உறிஞ்சுவதில்லை, காற்றே தள்ளுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன் காற்று அழுந்திக்கொண்டிருப்பதை நாம் உணர்வதில்லை. கலத்தினுள் அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று எண்ணெயை அழுத்தி உள்ளே செலுத்திவிடுகிறது. காற்றுக்கு எடையும் அழுத்தமும் உண்டு என்பதை 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு மெய்ப்பித்தார். அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர் அல் ஜஸரீ. உறிஞ்சு குழாயுடன் கூடிய இரட்டை உருளைப் பம்பு ஒன்றை, 1206இல் தாம் முடித்த பொறியியல் நூலில் அவர் வரைந்து விளக்கியுள்ளார். நம் முன்னோர் நூல்களை அலமாரியில் பூட்டி வைத்துப் பெருமை பேசுகிறோம். அவற்றின் வழிவந்த கருவிகளையோ விலை கொடுத்து வாங்குகிறோம்.

கருவியின் குறையையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். சில வண்டிகளில் குழாய் தொட்டியின் அடியைத் தொடாது. ஓரளவு பழைய எண்ணெய் தங்கிவிடும். அடியில் படிந்த கசடு முற்றும் வாராது. வடிகட்டியைத் தனியே கழற்றி மாற்றியாக வேண்டும். கீழே கசிவு உண்டா என்பதையும் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே வெளிவந்த அளவை, வண்டியின் கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே புதிய ஆயிலை ஊற்ற வேண்டும். நாம் அவ்வாறே செய்தோம். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. சட்டையில் ஒரு சொட்டும் படவில்லை. அத்தா இருந்து இதனைக் கண்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என எண்ணினோம்.

அவ்வெண்ணம் நெடுநேரம் நிலைக்கவில்லை. கலத்தினுள் ஏறத்தாழ மூன்று லிட்டர் கருத்த எண்ணெய் கிடந்தது. இதனை எங்கே கொண்டு ஊற்றுவது? வாசலில் சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது. அதனை நோக்கியபோது, 1992ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுது நம் கண்முன் வந்து நின்றது.

அந்நாளில் பள்ளி விட்டதும் பட்டறைக்குச் செல்வோம். அன்றன்று வடித்த எண்ணெயைச் சட்டியோடு தூக்கிச் சென்று பின்புறப் பள்ளத்தில் கொட்டுவது நமக்குரிய வேலை. பள்ளத்திற்கு அப்பால், தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் வீடும் கிணறும் இருந்தன. அவரை நாம் அப்பத்தா என்றே அழைப்போம். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாள் அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். “பாய், கெணத்துத் தண்ணியில எண்ணெ மெதக்குது. யாரையும் குத்தஞ் சொல்ல வரல, பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார். அத்தா சென்று வாளியால் நீர் இறைத்தார். நீரின் மேல் வானவில் போல் பல வண்ணம் படர்ந்திருந்தது. நாம் அவர் பின்னால் ஒளிந்து நின்றோம். கொட்டிய கை நம்முடையது அல்லவா?

“செஞ்சது எங்க பட்டறைதான் ஆத்தா. நீங்க மன்னிச்சாத்தான் எனக்கு விடுதலை” என்றார் அத்தா. அன்று அஸர் தொழுகைக்குப் பின் அவர் நம்மிடம் கூறியது இன்றும் செவியில் ஒலிக்கிறது. இறைவனுக்குச் செய்த குறையை இறைவன் பொறுப்பான். அண்டை வீட்டாரின் ஹக்கில் செய்த குறையை அவர்களே பொறுத்தாக வேண்டும். மறுநாள் முதல் பட்டறையில் 200 லிட்டர் பீப்பாய் ஒன்று வந்து நின்றது. கழிவெண்ணெய் முழுவதும் அதில் சேர்ந்தது. நாள்தோறும் காலையில் குழாயடியில் இரண்டு குடம் நீர் பிடித்து அப்பத்தா வீட்டில் இறக்கி வைப்பது நம் கடமையாயிற்று. அவர் மறையும் வரை, ஏழாண்டுக் காலம், அந்நீர் தவறவில்லை. கிணறு மட்டும் மீளவே இல்லை.

இது ஒரு கிணற்றின் கதை மட்டுமன்று. ஒரு முறை மாற்றிய ஆயிலே பல லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கவல்லது என அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு முகமை எச்சரிக்கிறது. தேய்ந்த உலோகத் துகள்களும், நெடுங்காலம் தோலிற் பட்டால் புற்றுநோய்க்கு வழிகோலும் வேதிப்பொருள்களும் அதில் உள்ளன. மதுரையின் சாக்கடையில் விழுவது மதுரையோடு நின்றுவிடுவதில்லை. வைகை மானாமதுரையையும் பரமக்குடியையும் கடந்து இராமநாதபுரம் பெரிய கண்மாயை நோக்கிச் செல்லும் ஆறு. அவ்வழியெங்கும் வாழ்வோர் அனைவரும் நம் அண்டை வீட்டாரே அல்லரோ?

கழிவெண்ணெயை அரசு 2016ஆம் ஆண்டு விதிகளில் தீங்கு தரும் கழிவாக வகைப்படுத்தியுள்ளது. எண்ணெய் உற்பத்தியாளருக்கே அதனை மீட்கும் பொறுப்பைச் சுமத்தும் விதிகளும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. எண்ணெய் தேய்ந்து போவதில்லை, அழுக்கேறுகிறது, அவ்வளவே. பதிவுபெற்ற ஆலைகளில் வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் அது மீண்டும் பயன்படும் எண்ணெயாகும். எதனால் வெளியே வந்ததோ அதே வெற்றிடத்தின் துணையால் தூய்மையும் பெறுகிறது!

அன்று அக்கலத்தை இறுக மூடி, கழிவெண்ணெயை முறையாகச் சேர்த்து ஆலைக்கு அனுப்பும் ஒரு பணிமனையில் ஒப்படைத்தோம். அங்கிருந்த இளைஞர், “இதுக்குப் போயா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?” என வியந்தார். நாம் புன்னகைத்தோம். விடை அந்தக் கிணற்றில் கிடந்தது.

மாணவச் செல்வங்களே! வீட்டிலேயே ஆயில் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். அது நல்ல கைத்தொழில். ஆயினும் கருவியை வாங்குமுன், வெளிவரும் எண்ணெயை எங்கே சேர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உடல் வருத்தத்தைக் கருவி நீக்கிவிடும், பொறுப்பை நீக்காது. நம் கைக்கு வந்த புதிய எண்ணெய் நமக்குரிய பொருள். நம் கையை விட்டுச் செல்லும் கழிவெண்ணெயோ பிறருக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பழுதின்றி உரிய இடத்தில் சேர்க்கும் நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!