சூப் வேண்டாம், சீனிதான் வேண்டாம்!

கோலாலம்பூரில் இடிஎஸ் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. வெள்ளை வெளேரென்ற நிலையக் கட்டடம், தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். கல்யாணமான புதிதில் அவர் குடியிருந்த ஊர் அது. அப்பா இறந்த பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. "ஒரு கிண்ணம் தாவ் ஃபூ ஃபா சாப்பிடணும்மா" என்றார். இனிப்பு நீர்க்காரர், கடைசியாகப் பார்த்தபோது 13. சீனிப்பாகு இல்லாமல் சாப்பிடுவதாக ஒப்பந்தம் போட்டுத்தான் கிளம்பினோம்.

ஈப்போ சீனர்களின் பொதுமொழி காண்டனீஸ். ஈயம் தோண்ட குவாங்டோங்கிலிருந்து வந்தவர்கள் கிந்தா பள்ளத்தாக்கில் விதைத்தது. நானும் அலுவலகத் தோழியிடம் கொஞ்சம் கற்றிருந்தேன். அதைக் காட்டிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

கிந்தா ஆற்றைத் தாண்டி புதிய நகரில், ஐந்தடிப் பாதையோரம் ஒரு கடை. "ம் யிவ் தோங்" என்றேன், சீனி வேண்டாமென்று. மோட்டார் சைக்கிள் இரைச்சலில் ஆண்ட்டிக்குக் கேட்கவில்லை. நாம் என்ன செய்வோம்? கடைசிச் சொல்லை உயர்த்தி, அழுத்திச் சொன்னேன்.

"சூப்பா? சூப் இங்கே விற்கிறதில்லையே, அமோய்!" என்றார் மலாயில். அதற்குள் பாகையும் ஊற்றிவிட்டார்.

காண்டனீஸில் ஆறு தொனிகள். தாழ்ந்து இறங்கும் 'தோங்' சீனி. உயரத்தில் நேராக நிற்கும் 'தோங்' சூப். 'மாய்' என்பதை மெல்ல ஏற்றினால் வாங்குவது, ஏற்றாமல் தாழ்வாகவே விட்டால் விற்பது. ஆகவே அழுத்துவதற்காகக் குரலை இஷ்டம்போல் தூக்க முடியாது, சொல்லே மாறிப்போகும். நமக்குச் 'சீனியே வேண்டாம்' என்று ஓர் ஏகாரம் போதும், குரலையும் தூக்கலாம்.

அவர்கள் எப்படி அழுத்துகிறார்கள்? ஆண்ட்டியே சொல்லிக் காட்டினார். தாழ்ந்த சொல் தாழ்ந்தே இருந்தது; ஆனால் நீண்டது, கனத்தது: "தோஒஒங்". ருசி பிரமாதம் என்னும் 'ஹோ சிக்'கில் 'ஹோ' ஏறும் தொனி. அழுத்தும்போது அந்த ஏற்றத்தையே இழுக்கிறார்கள். வாக்கியக் கடைசியில் ஓர் 'ஆ'வோ 'லா'வோ சேர்த்தும் சொல்வதன் வேகத்தைக் கூட்டுவார்கள். பெய்ஜிங் மாண்டரினில் அழுத்திய சொல்லுக்குப் பின்னால் வருபவை அடங்கிப்போகும்; காண்டனீஸில் அப்படி அடங்குவதில்லை. அவர்கள் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போல நம் காதில் விழுவதற்கு இதுவும் காரணமோ என்று எனக்கொரு சந்தேகம்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லு" என்றார். ஆண்ட்டி சொன்னார்.

1985இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடின. அப்பா அங்கே லாரி ஓட்டியவர். நிலுவைச் சம்பளம் கேட்க முதலாளி வீட்டுக்குப் போனபோது அம்மாவும் கூடப் போயிருக்கிறார், கைக்குழந்தையாக அண்ணன் இடுப்பில்.

"உங்கப்பா குரலை உசத்தவே இல்ல. ஏதோ ஒரு வார்த்தையை இப்படித்தான் இழுத்து இழுத்துச் சொன்னாரு. கெஞ்சுறாருன்னு நெனச்சேன். வர்ற வழியெல்லாம் திட்டினேன், ஆம்பிளையா சத்தம் போட்டுக் கேக்கத் தெரியலையேன்னு."

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. மறுவாரம் பாதிச் சம்பளம் வந்துச்சு."

ஆண்ட்டி பாகில்லாத கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். முதல் கிண்ணத்தை நான் எடுத்துக்கொண்டேன். "சப்புனு இருக்கு" என்றார் அம்மா, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டபடியே.