பூட்டானில் ஆணி எறியும் பிள்ளைகள்

மயிலாப்பூரிலும் அடையாறிலும் வளர்ந்தவர்களுக்கு டார்ட்ஸ் என்றால் கிளப்பில், ஏ.சி. அறையில், சுவரில் மாட்டிய வட்டப் பலகைதான். எறிபவர் நிற்கும் கோட்டுக்கும் பலகைக்கும் நடுவே 2.37 மீட்டர். பூட்டானுக்கு வேலைக்குப் போகிற சென்னை ஆசிரியர், அங்கே மாணவர்கள் திறந்தவெளியில் சுமார் 20 மீட்டர் தள்ளி நின்று எறிவதைப் பார்த்தால் முதலில் சிரிப்பார். பலகையோ நோட்டுத் தாள் அளவுதான்!

இந்த ஆட்டத்துக்குக் குரு என்று பெயர். கையடக்க மரக்கட்டையின் முனையில் நீளமான ஆணி, வால்பக்கம் இறகு அல்லது பிளாஸ்டிக் துண்டு. முழங்கால்வரை தொங்கும் 'கோ' உடையோடு ஒரு பையன் காலை முன்வைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, மேல்நோக்கி விடுகிறான். ஆணி வளைந்து ஏறி, பலகையைத் தேடி இறங்குகிறது. பெரும்பாலும் மண்ணில்தான் குத்தும்.

ஆளுக்கு இரண்டு எறி. முடிந்ததும் இரண்டு அணிகளும் எதிர்முனைக்கு நடந்து, அங்கிருந்து திருப்பி எறியும். ஒருவன் குறிவைக்கும்போது எதிரணிப் பிள்ளைகள் பலகையை ஒட்டி நின்று கிண்டல் செய்து அவன் கவனத்தைக் கலைப்பார்கள். தி. நகரில் கேரம் ஆடும்போது யாராவது இருமினாலே சண்டை வரும். இங்கே கிண்டல் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. ஆணி பலகையில் பாய்ந்துவிட்டால் எறிந்தவனின் அணி கூடிப் பாடி, நிதானமாக ஆடும். அவன் இடுப்புக் கச்சையில் ஒரு வண்ணத் துணி ஏறும். இப்படியே அரைநாள் போய்விடும். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் ஊரிலிருந்து போனவருக்கு அது தாராளம்தான்.

நம் ஆசிரியர்கள் அங்கே போவது புதிதல்ல. பூட்டானின் நவீனப் பள்ளிகள் 1960-களில் வேகமாக வளர்ந்தபோது ஆங்கிலத்தில் பாடம் நடத்த இந்திய ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். கேரளத்திலிருந்து நிறையப் பேர் போனார்கள். கனடாக்காரரான வில்லியம் மாக்கி என்ற இயேசு சபைப் பாதிரியார் 1963-இல் போய், காங்லுங்கில் ஷெருப்சே கல்வி நிலையத்தை வளர்த்தார். இன்றும் இந்தியருக்கு விசா வேண்டாம், அனுமதிச் சீட்டு போதும். அங்கத்திய நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு. ஹாசிமாராவில் ரயிலை விட்டு இறங்கி, ஜெய்காவ் வழியே எல்லை தாண்டலாம்.

போவது சுலபம், பிள்ளைகளோடு பழகுவதுதான் கடினம். வகுப்பில் அவர்கள் பெரியவர்களிடம் குனிந்து, வாயைக் கையால் மறைத்துப் பேசுவார்கள். சந்தேகம் கேட்கவே கூசுவார்கள். அதே பிள்ளைகள் குரு மைதானத்தில் யாரையும் விடுவதில்லை. வாத்தியார் எறிந்தாலும் கேலி உண்டு. எவன் துணிச்சல்காரன், எவன் தோற்றால் முகம் சுளிப்பான் என்பதெல்லாம் ஆசிரியருக்கு அங்கேதான் தெரியவரும். வில்வித்தை தேசிய விளையாட்டு என்பதால் வெளிநாட்டுக்காரர்கள் அதையே படம்பிடிக்கிறார்கள். ஆனால் வில்லும் அம்பும் வாங்கக் காசில்லாத பிள்ளைக்கு ஓர் ஆணியும் கட்டையும் போதுமே.

ஆபத்து இல்லாமல் இல்லை. பலகைப் பக்கம் நிற்பவர்கள் மேல் ஆணி குத்திய சம்பவங்கள் உண்டு. சிறுவர் ஆட்டத்துக்காவது தடுப்பு வேலி கட்டாயமாக வேண்டும். கேலியைப் பத்தடி தள்ளி நின்றும் செய்யலாம்.

பூட்டான் போகிறவர்கள் பாரோவின் புலிக்கூடு மடத்தோடு திரும்பிவிடாதீர்கள். விடுமுறை நாளில் எங்காவது குரு ஆடுகிறார்களா என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள். எறிபவருக்குப் பின்னால் மட்டும் நில்லுங்கள்.