முதல் அடி வைக்குமுன்...

காலையில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி குத்தினாற்போல் வலிக்கிறதா, சகோதரிகளே? குறுக்குத்துறைக்கு நடந்தே போய் ஆற்றில் குளித்து வரும் எனக்கு, அடுப்படிக்குப் போவதே பெரும்பாடாகிவிட்டது. “ஊசி போட்டுருங்கம்மா” என்றேன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவோ, “அவசரப்படாதீங்க, முதல்ல பயிற்சி செய்யுங்க” என்றார். ராத்திரி ஓய்வில் உள்ளங்கால் சவ்வு இறுகிவிடுமாம்.

படுக்கையை விட்டு இறங்குமுன், வலிக்கும் காலை மறு தொடைமேல் வைத்து, விரல்களை மேல்நோக்கி இழுத்து, 10 எண்ணும்வரை பிடியுங்கள். இப்படி 10 தடவை, தினம் மூன்று வேளை. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்காமல், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். மாலையில் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிஷம்.

நாலு மாதம் விடாமல் செய்தேன். ஊசியில்லாமலே வலி போயிற்று. சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.