அலகாபாத் சாவும் ஓர் அமெரிக்கக் கோயிலும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் செயின்ட் சைமன்ஸ் என்றொரு தீவு. அங்கே மரத்தால் கட்டிய சின்ன எபிஸ்கோபல் தேவாலயம், கிறைஸ்ட் சர்ச். நம்மூர் சி.எஸ்.ஐ. சபைகள் பலவற்றுக்கும் இதற்கும் ஆங்கிலிக்கன் வழியில் தூரத்து உறவு உண்டு. ஆனால் என்னை இழுத்தது வேறோர் இந்தியத் தொடர்பு.

ஆன்சன் டாட்ஜ், மரவியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. தீவில் அவர்களுக்கு மர அறுவை ஆலை இருந்தது. மனைவி எலனோடு உலகம் சுற்றக் கிளம்பினார். 1883இல் அலகாபாத்தில் எலனைக் காலரா கொண்டுபோனது. உடலை அமெரிக்கா வரைக்கும் கொண்டுவந்தார் மனுஷன். உள்நாட்டுப் போரில் யூனியன் படையினர் சிதைத்துவிட்டுப் போன 1820ஆம் ஆண்டுக் கோயிலின் இடத்தில், எலன் நினைவாக 1884இல் புதுக்கோயில் கட்டினார். பீடத்துக்கு அடியிலேயே எலனை அடக்கம் செய்தார். தானே குருப்பட்டம் வாங்கி அங்கே போதகராகவும் ஆனார். மறுமணம் செய்து பிறந்த மகனும் சின்ன வயதிலேயே விபத்தில் போய்விட, அவன் நினைவாக ஆண் பிள்ளைகளுக்கு அனாதை இல்லம். துக்கம் வந்தால் கட்டடம் எழுப்புகிற ஆள். (கையில் காசு இருந்தது, சரி.) 1898இல் அவர் இறந்தபின் எலனைப் பீடத்தடியிலிருந்து எடுத்து, அவர் கல்லறையிலேயே வைத்தார்கள்.

கேட்டவர்கள் எல்லோரும் உருகுகிற காதல் கதை. எனக்கு உறுத்துவது அந்த 1820தான். அந்த முதல் கோயில் அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த முதலாளிகளுடையது. அதே தீவின் ஓடையில்தான் 1803இல், விற்கக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்காவின் இக்போ மக்கள் அடிமையாக மாட்டோமென்று தண்ணீரில் இறங்கி உயிரை விட்டார்கள். அவர்களுக்கு ஒரு நினைவுப் பலகை வைக்க இந்த நூற்றாண்டு வரை ஆகியிருக்கிறது.