உள்பக்கத்து பேட்

கொடைக்கானலுக்குக் கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது. மதுரை கே.கே. நகர் 80 அடி ரோட்டில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் நின்றுவிட்டது, கூடவே முன் சக்கரத்தில் ‘கிறீச்’ என்று மெல்லிய சத்தம். ஒரு மாதத்துக்கு முன்புதான் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். “பிரேக் பேட் நல்லா இருக்கு” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வண்டியூர் கண்மாய்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த தம்பியிடம் கொண்டுபோனேன்.

ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார். வெளிப்பக்கத்து பேடில் 6 மில்லிமீட்டர் இருந்தது. புதிதில் பத்து மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். மூன்றுக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். அப்படியானால் இன்னும் நாளிருக்கிறது என்று நினைத்தேன். தம்பி விடவில்லை. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் தூக்கி, உள்பக்கத்து பேடை எடுத்து என் கையில் வைத்தார். 2 மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் ஓரத்தில் வளைந்து நிற்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிப் பளபளத்தது. பேட் தேய்ந்ததும் கத்திச் சொல்லட்டும் என்றே வைத்த தகடு அது.

“காலிப்பர் நகர்ற பின்னு இறுகிப்போச்சுண்ணே. உள்பேடு மட்டும் தனியாக் கெடந்து ஒழச்சிருக்கு.”

பிஸ்டன் தள்ளுவது உள்பேடைத்தான். காலிப்பர் பின்னில் நகர்ந்து வந்தால்தான் வெளிப்பேடும் டிஸ்க்கைப் பிடிக்கும். பின் சிக்கினால் பாரம் முழுவதும் ஒன்றின் தலையில். சக்கரத்தின் இடுக்கு வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிவதோ வெளிப்பக்கம். பிரேக் ஆயில் அளவு இறங்கியிருந்ததும் ஓர் அடையாளம். பேட் தேயத் தேய ஆயிலும் இறங்கும். காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்பினால் அந்த அடையாளமும் அழிந்துபோகும்.

பிரேக் தேய்வது இன்று நேற்றுக் கதையில்லை. 1888-இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்பவர் தன் இரு பையன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கார் ஓட்டிப்போனார். சுமார் நூறு கிலோமீட்டர். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துபோகவே, வழியில் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடிக்க வைத்தார். பிரேக் லைனிங் பிறந்த கதை அது. மதுரையில் பஸ் ஓட்டிப் பெயர் பெற்ற டி.வி. சுந்தரம் அய்யங்காரின் குழுமம், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸைத் தொடங்கி அந்த லைனிங்கை நம் மாநிலத்திலேயே செய்ய வைத்தது. தேய வேண்டியது தேய்ந்தால்தான் வண்டி நிற்கும். தேய்ந்ததைக் கண்டு மாற்றுவது நம் பொறுப்பு.

புது பேட் வாங்கும்போது பட்டறைத் தம்பி சொன்னதையே செய்தேன். மாடல், வருஷம், பார்ட் நம்பர் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்து, சீல் பிரியாத பெட்டியை பில் போட்டு வாங்கினேன். விலை குறைந்த, பேர் தெரியாத பெட்டி ஒன்றும் இருந்தது, தொடவில்லை. இரும்புத் தூள் அதிகம் கலந்த பேட் சூட்டைத் தாங்கும், டிஸ்க்கைக் கொஞ்சம் தின்னும். செராமிக்கில் சத்தமும் தூசியும் குறைவு, விலை கூடுதல். ஊருக்குள் ஓட்டி, எப்போதாவது மலையேறும் எனக்குக் கம்பெனி போட்டுவந்த அதே வகை போதும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றினோம். டிஸ்க்கின் கனத்தையும் அளந்தார். பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் தடவினார்.

சக்கரத்தை மாட்டியதும், “எடுத்துறாதீங்கண்ணே, முதல்ல பெடலை நாலஞ்சு தடவை மிதிங்க” என்றார். முதல் மிதியில் பெடல் அடிவரை போனது; நெஞ்சு திக்கென்றது. நாலாவது மிதியில் கெட்டியாக நின்றது. புது பேட் டிஸ்க்கோடு படியும்வரை ஓங்கி மிதிக்க வேண்டாம் என்பதால் கொடைக்கானலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தேன்.

போய்விட்டுத் திரும்பும்போது வத்தலக்குண்டு வரை இறக்கம் முழுவதும் இரண்டாவது கியரில் வந்தோம். சத்தமில்லை. பின்சீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இப்போதெல்லாம் சர்வீஸிலிருந்து வண்டியை எடுக்கும்போது ஒன்று கேட்காமல் வருவதில்லை: “உள்பக்கம் பார்த்தீங்களா?”