பேசாத சாட்சி

பழைய டார்ச் விளக்கு ரொம்ப யோக்கியமான வஸ்து. உள்ளே இருக்கிற பாட்டரிக் கட்டை ஓய்ந்து போனால் அதை மறைத்து வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. வெள்ளை வெளிச்சம் மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும், கடைசியில் அணையப் போகிற ஊதுவத்தியின் நுனி மாதிரி ஒரு பொட்டு மட்டும் நிற்கும். டிரான்சிஸ்டர் ரேடியோவும் அப்படித்தான். செய்தி வாசிக்கிறவருக்கு நாளுக்கு நாள் தொண்டை கட்டிக்கொண்டே வரும். சரி, கட்டை மாற்ற வேண்டும் என்று வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். மாற்றுவதற்கு முன்னால் மொட்டைமாடி வெயிலில் இரண்டு கட்டைகளையும் காயப் போட்டு, இன்னும் நாலு நாள் ஓட்டப் பார்ப்பது வேறு விஷயம். எங்கள் வீட்டில் வடாமும் பாட்டரிக் கட்டையும் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்திருக்கின்றன.

ஆனால் எல்லா யந்திரமும் டார்ச் விளக்கைப் போல யோக்கியம் அல்ல. உதாரணம், மெட்டல் டிடெக்டர். பெரிய கோயில் வாசலிலும் சினிமாக் கொட்டகை வாசலிலும் காவல்காரர் கையில் மட்டை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு நம் இடுப்பைச் சுற்றித் தடவுகிறாரே, அந்த ஜாதி. அதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். உலோகம் எதிர்ப்பட்டால் அந்த வார்த்தையைச் சொல்லும். மற்ற நேரமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அதன் உத்தியோகம். 'இங்கே ஒன்றும் இல்லை' என்றாலும் மௌனம். 'எனக்கு உடம்பு சரியில்லை, என்ன இருக்கிறதென்று தெரியவில்லை' என்றாலும் அதே மௌனம். இரண்டுக்கும் நம்மால் வித்தியாசம் சொல்ல முடியாது. இதில் என்ன கஷ்டம் வந்துவிடும் என்று கேட்கிறவர்களுக்காக எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

2019-ஆம் வருஷம், பொங்கலுக்கு நாலு நாள் முன்பு, எதிர்வீட்டு அம்மாள் மோதிரத்தைத் தொலைத்துவிட்டாள். அவளுடைய தாயார் போட்டிருந்த மோதிரம். ஜுரத்தில் கிடந்து எழுந்ததில் விரல் இளைத்து, மோதிரம் தளர்ந்திருந்தது. கொல்லையில் வாழைக் கன்று நடுவதற்கு மண்ணைக் கிளறிக் கொடுத்துவிட்டு வந்து கையைக் கழுவுகிறபோதுதான் விரல் மொட்டையாக இருப்பதைப் பார்த்தாள். "மண்ணில் விழுந்திருந்தால் மண்ணில்தானே இருக்கும், எங்கே போய்விடும்?" என்று முதலில் தைரியமாகத்தான் பேசினாள். நாலு பேர் கொல்லையைச் சலித்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

பேரன் இஞ்சினீயரிங் காலேஜில் படிக்கிறவன். காலேஜில் வைத்த பொருட்காட்சிக்காக அவனே கையால் செய்த மெட்டல் டிடெக்டர் ஒன்று பரண்மேல் கிடந்தது. அதை இறக்கினான். கட்டை ஆறு வேண்டும். டெலிவிஷன் ரிமோட்டிலிருந்து இரண்டு, சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்று, மேஜை இழுப்பறையில் உருண்டுகொண்டிருந்த மூன்று என்று சேர்த்துப் போட்டான். தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். புதையல் கிடைத்தால் பங்கு உண்டா என்று ஒரு பயல் கேட்டான். பூமியிலிருந்து பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் அகப்பட்டால் கலெக்டருக்கு எழுதிப் போட வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தப் பத்து ரூபாய் என்ன கதியாயிற்று என்பதை யோசித்தால் சிரிப்பு வரும். இருக்கட்டும்.

பேரன் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தரையில் போட்டு, கருவியை மேலே காட்டினான். கீச்சென்று கத்தியது. எல்லோருக்கும் திருப்தி. பிறகு கொல்லை முழுவதும் அடி அடியாகத் தடவிக்கொண்டு போனான். நடுநடுவே கருவி காரணமில்லாமல் உளறிற்று. அது தொந்தரவாக இருக்கிறதே என்று குமிழைத் திருகிக் கொஞ்சம் அடக்கினான். அதன் பிறகு சமர்த்தாக இருந்தது. ஒரு பழைய ஆணியும் ஒரு சோடா மூடியும் கிடைத்தன. மோதிரம் இல்லை.

"அப்படியானால் கொல்லையில் இல்லை" என்று மருமகன் சொன்னார்.

"மெஷின் பொய் சொல்லுமா?" என்றார் இன்னொருவர்.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பதினொரு வருஷமாக வருகிறவள். யாரும் அவளைத் திருடி என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை அந்த வீட்டில் உச்சரிக்கப்படவே இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, அம்மாள் உள்ளே போய் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அலமாரி அதுவரை பூட்டப்பட்டதில்லை. பூட்டிய சத்தம் கொல்லைப்புறம் வரைக்கும் கேட்டிருக்கும். அந்தப் பெண் காப்பியைக் குடிக்காமல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. வராதது இன்னொரு சாட்சியாகிவிட்டது. போலீஸில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமா என்று மருமகன் யோசிக்க ஆரம்பித்தார்.

எங்கள் தெருவில் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். அவர் அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேச வரவில்லை. பையன் செய்த யந்திரத்தைப் பார்க்கலாம் என்று ஆசையாக வந்தார். வந்தவர் அளக்கிற மீட்டரையும் கொண்டுவந்தார். பேரன் கட்டைகளை ஒவ்வொன்றாக அளந்து காட்டினான். புதுக் கட்டை ஒன்றரை வோல்ட். இவை ஒன்று முப்பது, ஒன்று இருபத்தைந்து. "பரவாயில்லையே ஸார்" என்றான்.

"தம்பி, கட்டையைச் சும்மா படுக்க வைத்து அளந்தால் அது அப்படித்தான் சொல்லும். வேலை வாங்கிக்கொண்டே அளந்து பார்" என்றார் அவர்.

கருவியை ஓடவிட்டு அளந்தார்கள். ஆறு கட்டைக்கும் சேர்ந்து ஒன்பது வோல்ட் இருக்க வேண்டியது, ஐந்தரைக்குக் கீழே இறங்கி நின்றது.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறேன். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிழவரைப் பார்த்தால் ஆரோக்கியமாகத்தான் தெரிவார். ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னால்தான் விஷயம் வெளிப்படும். பாட்டரிக் கட்டைக்கும் வயதாக ஆக உள்ளுக்குள்ளேயே ஒரு தடை வளர்ந்துவிடுகிறது. சுவர்க் கடிகாரம் கேட்பது துளி மின்சாரம். ஓய்ந்த கட்டையும் அதை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கும். மெட்டல் டிடெக்டர் அப்படியல்ல. அது பூமிக்குள் ஒரு கூவல் கூவிவிட்டு, உலோகத்திலிருந்து வருகிற பதிலுக்குக் காதைக் கொடுத்துக் காத்திருக்கிறது. தலைப்பில் உள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்கிறபோது காந்தப் புலம் எழுகிறது. அது உலோகத்தில் சுழல் மின்சாரத்தை எழுப்புகிறது. அந்தச் சுழலின் காந்தம்தான் பதில். கூவுவதற்குத் தெம்பு வேண்டும். அதோடு ஆறு பேர் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுகிறபோது நடுவில் ஒருவர் அசந்து நின்றால் வரிசையே நின்றுவிடும் அல்லவா? புதுக் கட்டையையும் பழங்கட்டையையும் கலந்து போட்டால் அதே கதைதான்.

கடையில் விற்கிற நல்ல கருவிகளில் மின்சாரத்தைச் சீராக வைத்திருக்க ஒரு ஏற்பாடு உண்டாம். அதனால் கட்டை ஓய்ந்துகொண்டே வந்தாலும் கருவிக்கு நெடுநேரம் தெரியாது. ஓர் எல்லைக்குக் கீழே போனதும் படியில் தவறினாற்போல ஒரேயடியாக விழும். திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றிக்கொள்கிற கட்டைகள் ஆரம்பத்திலேயே ஒன்று இருபதுதான். கடைசிவரை அதிலேயே நின்று, திடீரென்று படுத்துவிடும். பையன் செய்ததில் அந்த ஏற்பாடெல்லாம் கிடையாது. சில கருவிகளில் ஓசை எழுப்புகிற பகுதி மட்டும் கட்டையிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அவற்றில் ஆழத்துப் பொருளின் மெல்லிய ஓசைதான் முதலில் தேய்ந்து போகும்.

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது வேறு ஒன்று. கட்டை ஓய்ந்தால் கருவி உடனே ஊமையாகிவிடுவதில்லை. முதலில் உளறுகிறது. உளறலை அடக்குவதற்காக நாம் குமிழைத் திருகுகிறோம். அதனுடைய காதை நாமே பஞ்சு வைத்து அடைக்கிறோம் என்று அர்த்தம். பிறகு சமர்த்தாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம்.

நாணயத்துக்குக் கத்தியதே என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. கிழவர் பதில் சொல்லவில்லை. அம்மாளின் மகளுடைய மோதிரத்தை வாங்கி, ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு, ஆறு விரற்கடை ஆழத்தில் புதைத்தார். "இப்போது தேடு" என்றார். மோதிரம் எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். கருவிக்குத் தெரியவில்லை. அதன் மேலேயே நாலு தடவை போயும் வாயைத் திறக்கவில்லை.

காரணம் இதுதான். சின்னப் பொருள் சுருளைவிட்டுத் தள்ளிப் போகப் போக, பதில் படுவேகமாகக் குறைந்துவிடுகிறது. தூரம் இரட்டித்தால் பதில் ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காகிவிடும். தரையில் கிடக்கிற நாணயத்துக்குச் சாகக் கிடக்கிற கருவியும் கத்தும். அதை வைத்து ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது. (இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது: கட்டையை எவ்வளவு பலமாகப் போட்டாலும் ஆழம் கொஞ்சமாகத்தான் கூடும். புதுக் கட்டை போட்டால் பாதாளம் வரை தெரியும் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

புதுக் கட்டை ஆறு வாங்கி வந்தார்கள். குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பினார்கள். கொட்டாங்கச்சி மோதிரம் கூப்பிட்டது. அடுத்த அரை மணியில், வாழைக் குழிக்கு ஒரு முழம் தள்ளி, தாயார் மோதிரமும் கூப்பிட்டது.

அம்மாள் அன்றே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள், மாதச் சம்பளமும் ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு. அந்தப் பெண் சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள். புடவையை வாங்கவில்லை. "வேற வீடு பாத்துக்கிட்டேன், பெரியம்மா" என்றாளாம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று அம்மாள் என் மனைவியிடம் சொல்லி அழுதாள்.

டெலிபோன் இலாகாக்காரர் அப்புறம் ஒரு நாள் என்னிடம், டெலிபோனைக் கண்டுபிடித்தவரே இந்த விஷயத்தில் அடிபட்டவர்தான் என்று சொன்னார். தேடிப் படித்தேன். 1881 ஜூலை 2-ஆம் தேதி, வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். முதுகில் பாய்ந்த குண்டு எங்கே தங்கியிருக்கிறதென்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்-ரே வராத காலம். அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் கம்பிச் சுருள்களையும் பாட்டரியையும் டெலிபோன் காதுக்குழலையும் இணைத்து உலோகம் தேடும் கருவி ஒன்றைத் தயாரித்தார். உள்நாட்டுப் போரில் பட்ட குண்டை உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது. ஜூலை 26-ஆம் தேதி வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோனபோது காதுக்குழலில் ஒரே இரைச்சல். கருவியின் ஒரு பாகத்தைத் தவறாக இணைத்திருந்தது பிறகு தெரிந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி மறுபடியும் போனார். குண்டு வலப் பக்கத்தில் இருக்கிறதென்பது பெரிய டாக்டரின் அபிப்பிராயம். ஆகவே வலப் பக்கத்தைத் தேடினார்கள். பரந்த இடத்தில் மெலிதாக ஏதோ ஓசை கேட்டது. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தன என்பது பெல்லுக்கு அப்புறம்தான் தெரிய வந்தது. செப்டம்பர் 19-ஆம் தேதி ஜனாதிபதி இறந்தார். அறுத்துப் பார்த்ததில் குண்டு இடப் பக்கத்தில் இருந்தது. இதில் பாட்டரியின்மேல் பழி இல்லை. ஆனால் கருவி சொன்னதையும் சொல்லாததையும் டாக்டர் தம் அபிப்பிராயத்துக்கு ஆதரவாக எடுத்துக்கொண்டதைப் படித்தபோது, எனக்கு அந்த மருமகனின் ஞாபகம் வந்தது.

இந்தக் கேள்வி மனத்தில் இருந்ததால்தான் 2023-இல் யாழ்ப்பாணம் போகிற வழியில் பளையில் ஒரு தேநீர்க் கடையில் இறங்கி நின்றபோது அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்தில் முகமாலை. போர் நடந்த வருஷங்களில் முன்னணிக் கோடாக இருந்த இடம். 2009-இல் போர் முடிந்த பிறகும் அங்கே மண்ணுக்குள் மிதிவெடிகள் மிச்சம் இருந்தன. கண்ணிவெடி அகற்றுகிற வேலையில் அந்தப் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். இவளும் அவர்களில் ஒருத்தி. வேலை முடிந்து வண்டிக்குக் காத்திருந்தாள். மிதிவெடிகளில் பல பிளாஸ்டிக் உடம்பு. உள்ளே உலோகம் என்று ஒரு சின்னத் துணுக்குத்தான் இருக்கும். கருவி பேசாமலிருந்தால் முழங்காலை முன்னே வைக்க வேண்டும். சில கருவிகள் ஒன்றிரண்டு விநாடிக்கு ஒரு தரம் 'டிக்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இராத்திரிக் காவல்காரன் தடியைத் தட்டிக்கொண்டு போவது போல.

பாட்டரி ஓய்ந்துவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"வேலை தொடங்க முதல் சோதிச்சுப் பாப்பம், ஐயா. சின்னத் துண்டு ஒண்டு, சொன்ன ஆழத்தில தாட்டு வைச்சிருக்கும். அதுக்குச் சத்தம் வரவேணும். ஓய்வெடுத்திட்டு வந்தாலும் பாப்பம். பற்றரி மாத்தினாலும் பாப்பம்."

"சத்தம் வராவிட்டால்?"

"அந்த மெஷினை வைச்சிட்டு வேற எடுப்பம். கடைசியாச் சரி பாத்ததில இருந்து செய்த இடத்தைத் திருப்பிச் செய்ய வேணும்."

"முழுவதையுமா?"

"ஓம், முழுக்க" என்றாள். அதற்குள் வண்டி வந்துவிட்டது.